பைத்தானின் ‘குரூப்-பை’: தண்ணீர்த் தொட்டிக் கணக்கில் எட்டு மாதப் பயன்பாடு

பெங்களூரு ஹூடியில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில் காவிரி நீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். மீதியைப் போர்வெல்லும் டேங்கர் லாரியும் ஈடுகட்டுகின்றன. மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தை நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து அனுப்பும் மீயொலி உணரி ஒன்றையும், மோட்டார் ஓடுகிறதா நிற்கிறதா என்பதை 1 அல்லது 0 என்று பதிவு செய்யும் சிறு கருவி ஒன்றையும் சென்ற ஆண்டு பொருத்தினோம். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வேலூர்க்காரரான எங்கள் சங்கச் செயலாளர் இரண்டு விவரங்களைக் கேட்டார். மோட்டார் ஒரு நாளில் எத்தனை முறை, ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் ஓடியது என்பது ஒன்று. உணரி ஏதாவதொரு எண்ணில் சிக்கி அசையாமல் நின்ற நேரங்கள் எவை என்பது மற்றொன்று. யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே கேள்விதான்: ஒரு வரிசையில் ஒரே மதிப்பு அடுத்தடுத்து எங்கே வருகிறது, எத்தனை தடவை வருகிறது?

இப்படி அடுத்தடுத்து வரும் கூட்டத்தை ஆங்கிலத்தில் ‘ரன்’ என்பார்கள். ‘பாம்பு பாம்பு’ என்பதை அடுக்குத்தொடர் என்று பள்ளியில் படித்தவர்கள் நாம் என்பதால், இங்கே அதை அடுக்கு என்றே குறிப்பிடுகிறேன். இந்த வேலைக்கு எட்டு மாதங்களாக நான் பயன்படுத்திவரும் கருவி, பைத்தான் என்ற கணினி நிரல் மொழியின் இட்டர்டூல்ஸ் தொகுப்பில் உள்ள ‘குரூப்-பை’. 2004இல் வெளியான 2.4ஆம் பதிப்பிலிருந்தே இது பைத்தானோடு சேர்ந்து வருகிறது. தனியாக நிறுவவும் வேண்டாம், காசும் வேண்டாம். பெயரை முதன்முறை கேட்ட செயலாளர், “என்ன தம்பி, தண்ணிக் கணக்குக்குக் குப்பையா?” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, ஏனெனில் இந்தக் கருவியில் முதலில் குறை சொல்ல வேண்டியதே அந்தப் பெயரைத்தான்.

தரவுத்தளத்தில் எஸ்.கியூ.எல். என்ற வினவல் மொழியை எழுதிப் பழகியவர்களுக்கு ‘குரூப் பை’ என்றால் ஒரே மதிப்புள்ள எல்லா வரிகளும், அவை எங்கே சிதறிக் கிடந்தாலும், ஒரே கூட்டமாகச் சேரும் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கும். பைத்தானின் குரூப்-பை அப்படிச் சேர்ப்பதில்லை. அருகருகே இருப்பவற்றை மட்டும் சேர்த்துவிட்டு, மதிப்பு மாறிய கணமே புதிய கூட்டத்தைத் தொடங்கிவிடுகிறது. யூனிக்ஸ் இயங்குதளத்தில் திரும்ப வரும் வரிகளை நீக்கும் ‘யூனிக்’ கட்டளைக்கும் இதே குணம்தான். ஆகவே, ‘முதலில் வரிசைப்படுத்திவிட்டுப் பிறகு பயன்படுத்துங்கள்’ என்று பலர் அறிவுரை சொல்வார்கள். மொத்த எண்ணிக்கை தேவைப்படுபவருக்கு அது சரியான அறிவுரை, அடுக்குகளைத் தேடுபவருக்கோ அது நஞ்சு. மோட்டார் பதிவை வரிசைப்படுத்தினால் சுழியங்கள் எல்லாம் முன்னால், ஒன்றுகள் எல்லாம் பின்னால் என்று நாள் முழுவதும் இரண்டே அடுக்குகளாகிவிடும். மோட்டார் ஒரே ஒரு முறை, நள்ளிரவு வரை, ஓடியதாகக் கணக்கு வரும்.

இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் கருவி மிக நேர்மையாக வேலை செய்கிறது. வரிசையை ஒரே ஒருமுறை, ஒவ்வோர் உறுப்பாகப் படித்துக்கொண்டே போவதால், ஆண்டு முழுவதற்குமான 5,25,600 பதிவுகளையும் நினைவகத்தில் ஏற்றிவைக்க வேண்டிய தேவையில்லை. ஒவ்வொரு மாற்றத்திலும் மதிப்பையும் அதற்குரிய கூட்டத்தையும் தருகிறது. ‘முந்தைய மதிப்பு’ என்று ஒரு மாறியை வைத்துக்கொண்டு நாமே சுழற்சி எழுதினால், வரிசை முடிந்த பிறகு கடைசி அடுக்கைச் சேர்க்க மறந்துவிடுவது வழக்கமான பிழை. நானே இரண்டு முறை அப்படி மறந்து, இரவு பதினொன்றரைக்குத் தொடங்கிய மோட்டார் ஓட்டத்தைக் கணக்கில் விட்டிருக்கிறேன். குரூப்-பை அந்தப் பிழைக்கு இடம் கொடுப்பதில்லை.

ஆனால் அது தரும் கூட்டம் பட்டியல் அன்று. மூல வரிசையோடு ஒட்டியபடி நகரும் வெறும் படிப்பான். அடுத்த கூட்டத்துக்குப் போனவுடன் முந்தைய கூட்டம் கையை விட்டுப் போய்விடும். முதல் வாரத்தில், எல்லாக் கூட்டங்களையும் ஒரே பட்டியலில் சேர்த்துவைத்துவிட்டுப் பிறகு நிதானமாக எண்ணலாம் என்று நினைத்தேன். மதிப்புகள் எல்லாம் சரியாக இருந்தன, கூட்டங்கள் எல்லாம் காலியாக இருந்தன. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை என்பதுதான் என் பெரிய மனக்குறை. கூட்டத்தின் நீளத்தை, பைத்தானில் நீளம் சொல்லும் ‘லென்’ கொண்டு கேட்கவும் முடியாது. ஒவ்வொன்றாக எண்ணிக் கூட்ட வேண்டும், அல்லது அங்கேயே பட்டியலாக மாற்றிக்கொள்ள வேண்டும். ஆவணத்தில் இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். நான் ஆவணத்தை இரண்டாவது வாரத்தில்தான் படித்தேன்.

இதன் உண்மையான வலிமை, ‘எவற்றை ஒரே மதிப்பு என்று கொள்வது’ என்பதை நாமே ஒரு சிறு செயற்கூறாக (ஃபங்ஷன்) எழுதிக் கொடுக்கலாம் என்பதில் இருக்கிறது. எங்கள் இணைய இணைப்பு அடிக்கடி அறுந்துபோவதால் நடுவில் பல நிமிடங்களுக்குப் பதிவே இருக்காது. காலை பத்து மணிக்கு 1, பன்னிரண்டு மணிக்கு 1, இடையில் எதுவுமில்லை என்றால், கருவி இரண்டையும் அருகருகே உள்ளவையாகவே பார்த்து ஒரே அடுக்கில் போட்டுவிடும். இதற்கு ஒரு பழைய உத்தி இருக்கிறது: நாளின் எத்தனையாவது நிமிடம் என்ற எண்ணிலிருந்து, பட்டியலில் அது எத்தனையாவது பதிவு என்ற எண்ணைக் கழிக்க வேண்டும். 600, 601, 602, 720, 721 என்ற நிமிடங்களிலிருந்து 0, 1, 2, 3, 4 ஆகியவற்றைக் கழித்தால் 600, 600, 600, 717, 717 என்று கிடைக்கும்; இடைவெளி இல்லாதவரை விடை மாறாது, இடைவெளி வந்தால் உடனே மாறும். இந்த விடையையும் மோட்டாரின் நிலையையும் ஒரு ஜோடியாகச் சேர்த்துக் கொடுத்துவிட்டால், நிலை மாறினாலும் நேரம் விட்டுப்போனாலும் அடுக்கு உடைகிறது. ஒரே வரியில் முடிந்த இந்த வேலைக்காகவே மற்ற குறைகளை மன்னித்தேன்.

நீர்மட்டத்தில் இந்த வசதி அவ்வளவாக உதவவில்லை. தொட்டி அசையாமல் இருக்கும்போதும் உணரி 62, 61, 62 என்று சதவீதத்தைத் துள்ளவிடும். ஐந்தால் வகுத்து ஈவை மட்டும் ஒப்பிடச் சொன்னால் அந்தத் துள்ளல் அடங்கும், ஆனால் 64க்கும் 65க்கும் இடையே துள்ளும் நாளில் பழைய கதைதான். ஒவ்வொரு பதிவையும் தனித்தனியாகப் பார்த்து முடிவெடுக்கும் செயற்கூற்றால், சற்று முன்பு என்ன இருந்தது என்பதைக் கணக்கில் கொள்ள இயலாது. அதற்கு, இரண்டு புள்ளிக்கு மேல் விலகினால் மட்டுமே மாற்றம் என்று ஏற்கும் ஒரு வடிகட்டியை முன்னதாக எழுதிச் சேர்த்தேன். அதே சமயம், சிக்கி நின்ற உணரியைப் பிடிக்கத் துள்ளலை வடிகட்டாத மூலப் பதிவுதான் வேண்டும், ஏனெனில் உயிரோடிருக்கும் உணரி கொஞ்சமாவது துள்ளும்.

உணரி எதிரொலியைப் பெறாதபோது ‘நான்’ (NaN) என்ற எண்ணல்லாத மதிப்பை அனுப்பும். அது தனக்குத்தானே சமமாகாத மதிப்பு. எனவே, பைத்தானின் எண் கணக்குத் தொகுப்பான நம்பையின் அணியிலிருந்து (எண் வரிசை) படிக்கும்போது நாற்பது நிமிடப் பழுது ஒரு நீண்ட அடுக்காக வராமல் நாற்பது ஒற்றை அடுக்குகளாக வருகிறது. பைத்தானின் ‘மேத்’ தொகுப்பிலுள்ள ஒரே ‘நான்’ பொருளைத் திரும்பத் திரும்ப வைத்துச் சோதித்தாலோ அவை ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன, ஏனெனில் வழக்கமான பைத்தான் ஒரே பொருளா என்பதை முதலில் பார்த்துவிடுகிறது. சோதனையில் சரியாக வந்தது தொட்டியில் தவறியதற்கு இதுதான் காரணம் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை செலவானது.

மாற்றுக் கருவிகளில், புள்ளியியலுக்கான ஆர் மொழியின் ‘ஆர்.எல்.இ.’ அடுக்குகளின் நீளங்களையும் மதிப்புகளையும் இரண்டு பட்டியல்களாக நேரடியாகக் கொடுத்துவிடுகிறது. அந்த விடையிலிருந்து மூல வரிசையை மீட்கும் துணையும் அதனுடன் உண்டு. எனக்குத் தேவைப்பட்ட வடிவம் உண்மையில் அதுதான். நம்பையில் வரிசையை ஓர் இடம் நகர்த்தித் தன்னோடே ஒப்பிட்டு, வேறுபட்ட இடங்களை எடுத்து, முன்னால் சுழியத்தையும் பின்னால் மொத்த நீளத்தையும் சேர்த்துக் கழித்தால் நீளங்கள் வந்துவிடும். பெரிய எண் வரிசைகளுக்கு இதுவே வேகமானது. பதிவே இல்லாத நாளில் மட்டும் அது நீளம் சுழியமான ஓர் அடுக்கைத் தரும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

தமிழ் உரையில் இதைப் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பைத்தான் எழுத்துகளை எண்ணுவதில்லை, யூனிக்கோடு குறிகளை எண்ணுகிறது. ‘அம்மா’ என்பது அதற்கு ஐந்து குறிகள். இரண்டு மகரங்களுக்கும் நடுவே புள்ளி தனிக்குறியாக உட்கார்ந்திருப்பதால் அங்கே அடுக்கே இல்லை என்று சொல்லிவிடும்.

ஐந்துக்கு நான்கு தருகிறேன். காலிக் கூட்டத்தைச் சத்தமில்லாமல் கொடுத்ததற்காகவே அந்த ஒன்றைக் குறைத்தேன். சென்ற மாதம் இந்தக் கருவி எடுத்துக் கொடுத்த மிக நீண்ட அடுக்கு 554 பதிவுகள், அதாவது 9 மணி 14 நிமிடம், துள்ளலே இல்லாத 71 சதவீதம். அன்று இரண்டு டேங்கர்கள் வந்து போயிருந்தன. செயலாளரும் நானும் ஏணியில் ஏறிப் பார்த்தபோது உணரியின் முகத்தில் நீராவி துளியாகப் படிந்திருந்தது.