கழுத்தை இப்பவே சுத்தம் பண்ணுவதா, காத்திருந்து பார்ப்பதா?

“ஒண்ணுமே இல்லாத கழுத்த இன்னாத்துக்குடா அறுக்கறாங்க?”

குடியாத்தத்தில் முப்பது வருஷம் பீடி சுற்றியபடியே வெற்றிலையோடு புகையிலை அடக்கி வந்த பெரியம்மாவின் கேள்வி இது. நாக்கின் இடது ஓரத்தில் இரண்டு மாதமாக ஆறாத புண், பயாப்ஸியில் புற்று என்று வந்துவிட்டது. டாக்டர் தாடைக்கு அடியிலிருந்து காறை எலும்பு வரை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். நெறி, அதாவது புற்று முதலில் பரவிப் போய்த் தங்கும் நிணநீர்க் கணு, எதுவும் வீங்கித் தட்டுப்படவில்லை, ஸ்கேனும் சுத்தம். ஆனாலும் நாக்கு ஆபரேஷனோடு சேர்த்து அந்தப் பக்கத்துக் கழுத்து நெறிகளையும் எடுத்துவிடலாம் என்றார். கழுத்தைச் சுத்தம் பண்ணுவது என்பது இதைத்தான்.

பெரியம்மா கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. உலகம் முழுக்க அறுவை மருத்துவர்களே இதில் இரண்டு கட்சியாக இருந்தவர்கள்தான். நாக்கை மட்டும் முடித்துவிட்டு, கழுத்தில் நெறி கட்டினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது ஒரு கட்சி. கண்ணுக்கும் கைக்கும் தெரியாத புற்று அங்கே ஏற்கெனவே போயிருக்கலாம், இப்பவே எடு என்பது இன்னொன்று.

இந்த வழக்குக்குத் தீர்ப்பு சொன்னது நம் நாட்டு ஆய்வு. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் அனில் டி’குரூஸ் குழுவினர் 2004-இல் தொடங்கினார்கள். ஆரம்பக் கட்ட வாய்ப்புற்று, கழுத்தில் நெறி தெரியாதவர்கள். யாருக்கு எந்த வழி என்பதைக் குலுக்கல் மாதிரி பிரித்தார்கள். 710 பேர் சேர்ப்பதாகத் திட்டம். 596 பேர் சேர்ந்திருந்தபோது, கண்காணிப்புக் குழு இடையில் கணக்குப் பார்த்து, இனி ஆள் சேர்க்க வேண்டாம் என்று நிறுத்தச் சொல்லிவிட்டது. வித்தியாசம் அவ்வளவு பெரியது. முதல் 500 பேரின் கணக்கு 2015-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது: மூன்று வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள், உடனே கழுத்தைச் சுத்தம் பண்ணியவர்களில் 80 சதவீதம், காத்திருந்தவர்களில் 67.5. நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 69.5-க்கு 45.9.

எட்டுப் பேருக்குக் கழுத்தையும் சேர்த்துச் செய்தால் ஓர் உயிர் மிஞ்சுகிறது. புற்றுநோய் அறுவை சிகிச்சையில் இவ்வளவு தெளிவான கணக்கு அடிக்கடி கிடைப்பதில்லை.

ஏன் இப்படி? உடனே எடுத்தவர்களின் நெறிகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது பத்தில் ஏறக்குறைய மூன்று பேருக்கு உள்ளே புற்று இருந்தது. விரலுக்குத் தட்டுப்படாதது, ஸ்கேனிலும் விழாதது. காத்திருந்தவர்களுக்கு அது வெளியே தெரிந்த நேரத்தில் பலருக்கு நெறியின் மேலுறையைத் தாண்டி வெளியே போயிருந்தது. இன்னொன்றும் உண்டு. முன்கூட்டிச் செய்வது கழுத்தின் மேல் பகுதியோடு முடியும் ஆபரேஷன். காத்திருந்து நெறி கட்டினால் செய்வது கழுத்து முழுக்க. சின்னதைத் தவிர்க்கப் போய்ப் பெரியதில் மாட்டுகிற கதை.

காத்திருப்பது சும்மா இருப்பது என்றும் நினைக்க வேண்டாம். அந்த ஆய்வில் முதல் ஆறு மாதம் நாலு வாரத்துக்கு ஒரு முறை, அடுத்த ஆறு மாதம் ஆறு வாரத்துக்கு ஒரு முறை செக்கப். முதல் வருஷமே பத்துத் தடவை வரை. அவ்வளவு கெடுபிடியாகக் கூப்பிட்டுப் பார்த்தும் காத்திருந்தவர்கள்தான் தோற்றார்கள். பாதிப் பேருக்கு ஒவ்வொரு முறையும் கழுத்து ஸ்கேனும் எடுத்தார்கள். அதனாலும் உயிர்க்கணக்கு மாறவில்லை. இதை, வெளியூர் நோயாளிகள் வைத்தியத்துக்கு வந்து தங்கும் வேலூருக்கு வைத்துப் பாருங்கள். பெரியம்மாவுக்காவது குடியாத்தத்தில் பஸ் ஏறினால் போதும். தோட்டப்பாளையம் லாட்ஜ்களில் ஸ்டவ் வைத்துச் சமைத்துக்கொண்டு தங்கியிருக்கும் வங்காளத்துக் குடும்பங்கள் காட்பாடியில் ரயிலேறிப் போனால், நாலு வாரத்தில் திரும்பி வந்து நிற்பார்களா? நம் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. வலி இல்லையென்றால் ஆஸ்பத்திரிப் பக்கம் யார் போகிறார்கள்?

உடனே செய்வதிலும் விலை உண்டு, மறைக்கக் கூடாது. சிகிச்சையால் வந்த தொந்தரவுகள் உடனே செய்தவர்களுக்கு 6.6 சதவீதம், காத்திருந்தவர்களுக்கு 3.6. கழுத்தில் தழும்பு, சில நாள் நீர் வடிய டிரெயின் குழாய். முக்கியமாகத் தோள்பட்டை: கையைத் தூக்க உதவும் நரம்பு அந்த நெறிகளுக்கு நடுவில்தான் ஓடுகிறது. அதை வெட்டாமல் காப்பாற்றினாலும், இழுபட்டதில் சில மாதம் தோள் தொங்கும். பிசியோ செய்தே ஆக வேண்டும்.

எல்லோருக்கும் கழுத்தைத் திறக்க வேண்டுமா? இல்லை. புற்று எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதில் இருக்கிறது விஷயம். 3 மில்லிமீட்டருக்கு உட்பட்ட மெல்லிய புற்றுகளில் முன்கூட்டி எடுப்பதால் தெளிவான லாபம் தெரியவில்லை. ஆழம் பயாப்ஸித் துண்டில் முழுசாகத் தெரியாது. விரலால் தொட்டும் எம்.ஆர்.ஐ. எடுத்தும் மதிப்பிடுவார்கள். அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அப்புறம், ஆய்வில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நாக்கில்தான் புற்று, கன்னத்தில் வந்தவர்கள் குறைவு. கன்னத்துக்கும் இதே கணக்கை அப்படியே ஒட்டவைக்க எனக்குக் கொஞ்சம் தயக்கம்.

மூன்றாவது வழியாக, புண்ணைச் சுற்றி லேசான கதிரியக்க மருந்து போட்டு, அது முதலில் போய்ச் சேரும் நெறியை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறை இருக்கிறது. பிரான்ஸிலும் ஜப்பானிலும் நடந்த ஆய்வுகளில் அது கழுத்துச் சுத்தத்துக்கு ஈடாக நின்றது. ஆனால் அதற்கான கருவியும் பழகிய கையும், நெறியைச் சீவிச் சீவிப் பார்க்கும் நோய்க்குறியியல் மருத்துவரும் ஒரே கூரையின் கீழ் வேண்டும். அவை இருக்கிற இடத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

பெரியம்மாவுக்கு ஆழம் 6 மில்லிமீட்டர் என்று மதிப்பிட்டிருந்தார்கள். நான் சதவீதமெல்லாம் சொல்லவில்லை. “வருஷத்துக்குப் பத்து வாட்டி வந்து கழுத்தக் காட்டுவியா?” என்று மட்டும் கேட்டேன். “எந்தப் பீடிக் கம்பெனிக்காரன் அத்தினி நாள் லீவு தரான்?” என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். இப்போது தினமும் காலையில் சுவரில் விரல்களை ஏணி ஏறுவது போல் மேலே மேலே நகர்த்துகிறார். நேற்று காலண்டர் ஆணி வரை எட்டியது.