ஸ்லீவ் புதுசு, ஒயர் பழசு: ரீவயரிங் என்ற பெயரில் நான் ஏமாந்த கதை

பழைய கார் வைத்திருக்கிறீர்களா? "முழு ஒயரிங்கையும் மாற்றித் தருகிறேன்" என்று யாராவது சொல்லி, நீங்களும் தலையாட்டிவிட்டீர்களா? மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் வண்டி 1960-களில் வந்த பிரிட்டிஷ் கார். ஒயரெல்லாம் உறை போட்டு, மேலே பருத்தி நூல் பின்னியது. மொத்த வண்டிக்கும் இரண்டே ஃபியூஸ். ஒன்று எப்போதும் கரண்ட் இருக்கும் ஹாரன் போன்றவற்றுக்கு, இன்னொன்று சாவி போட்டால் வேலை செய்யும் வைப்பர், இண்டிகேட்டர், பிரேக் லைட்டுக்கு. ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது. அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். ஐம்பது அறுபது வருட என்ஜின் சூட்டில் அந்த உறை பிஸ்கட் மாதிரி ஆகிவிட்டிருந்தது. விரலால் வளைத்தால் நொறுங்கும். இனியும் தள்ளிப்போட்டால் தீப்பிடிக்கும் என்று தோன்றியதால்தான் வேலையையே ஆரம்பித்தேன்.

பழைய வண்டிகளின் எலக்ட்ரிகல் வேலையில் கெட்டிக்காரர் என்று இரண்டு பேர் சொன்ன ஆளிடம் விட்டேன். பேசியது இவ்வளவு: பேட்டரியிலிருந்து பின் லைட் வரை புது ஒயர், ஹெட்லைட்டுக்கு டிம், பிரைட் இரண்டுக்கும் தனித்தனி ரிலே (சின்னக் கரண்டால் இயங்கிப் பெரிய கரண்டை விடும் சுவிட்ச்), பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பழைய டைனமோவைக் கழற்றிவிட்டு அதற்குப் பதில் ஆல்டர்னேட்டர். "பழசு ஒரு அடிகூட உள்ளே இருக்காது சார்" என்றார். பேசிய தொகையில் பாதியை அன்றே கொடுத்தேன். ஒரு வாரம் என்றது ஒன்றரை மாதமாக இழுத்தது. அது பரவாயில்லை, பழைய வண்டி வேலை என்றாலே அப்படித்தான்.

வண்டி திரும்பி வந்தபோது பானெட்டைத் திறந்து பார்த்து நானே அசந்துபோனேன். கறுப்பு நெளிகுழாய் ஸ்லீவ், ஒரே இடைவெளியில் கட்டிய பிளாஸ்டிக் டை, வரிசையாக இரண்டு ரிலே. சுவிட்சைப் போட்டால் 'டிக்' என்று சத்தம். பழைய ஒயரிங் எங்கே என்று கேட்டேன். "குப்பையில போட்டுட்டேன் சார், அதை வச்சு என்ன பண்ணப் போறீங்க?" நானும் சிரித்துக்கொண்டே மீதிப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என் மேல்தான் கோபம் வருகிறது.

இரண்டு மாதம் கழித்து ஒரு இரவுப் பயணத்தில் ஹெட்லைட் மங்க ஆரம்பித்தது. பல்பு புதுசு, 60/55 வாட் (பிரைட்/டிம்) ஹாலஜன், நானே வாங்கித் தந்தது. பழைய பல்பு 45/40 வாட்தான். பத்து நிமிடத்தில் காலடியிலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை. இந்த வண்டியில் டிம் சுவிட்ச் தரையில், இடது காலால் மிதிப்பது. குனிந்து தொட்டால் கை வைக்க முடியாத சூடு. ஓரங்கட்டி நிறுத்தி, பேட்டரி முனையில் மாட்டிய ஒயரைக் கழற்றிவிட்டு, விடியும் வரை வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மல்டிமீட்டரை எடுத்தேன். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும், யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு பேட்டரி முனைகளில் ஓல்டேஜ் பாருங்கள். அப்புறம் எரிந்துகொண்டிருக்கும் பல்பின் பின்பக்கத்திலேயே பாருங்கள். வித்தியாசம் அரை ஓல்டுக்குள் இருந்தால் கவலை இல்லை. எனக்கு பேட்டரியில் 12.4, பல்பில் 10.4. இரண்டு ஓல்ட்தானே என்று தோன்றும். ஆனால் இழை பல்பில் ஓல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது சதவீதம் குறையும். என் கணக்குப்படி பாதி வெளிச்சம்தான் சாலைக்குப் போய்க்கொண்டிருந்தது. வழியில் தொலைந்த அந்த இரண்டு ஓல்ட் டிம் சுவிட்சையும் இணைப்புகளையும் காய்ச்சிக்கொண்டிருந்தது.

ரிலே இருக்கும்போது இது நடக்கவே கூடாது. ரிலே என்பதே அதற்குத்தான்: பழைய சுவிட்ச் ஒரு சின்னக் கரண்டைக் கொடுத்து ரிலேயை இழுக்கும், பல்புக்கான பெரிய கரண்ட் பேட்டரியிலிருந்து தடித்த ஒயரில் நேராகப் போகும். ரிலேயின் அடியில் எண்கள் அச்சிட்டிருக்கும். 30-ஆம் எண்ணுக்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ஒயர் வர வேண்டும், 87 பல்புக்குப் போக வேண்டும், 86-க்கு சுவிட்சிலிருந்து சைகை, 85 எர்த் (வண்டியின் பாடி). என் வண்டியில் ரிலேயைப் பிடுங்கிப் பார்த்தால், 86-இலிருந்து 30-க்கு விரல் நீளத்தில் ஒரு துண்டு ஒயர்! அதாவது சுவிட்சிலிருந்து வந்த அதே பழைய ஒயர்தான் ரிலேயையும் இழுத்தது, பல்பையும் எரித்தது. இரண்டு ரிலேயிலும் இதே கதை. 'டிக்' சத்தத்துக்காக மட்டும் மாட்டிய ரிலே.

அதற்குப் பிறகு கை சும்மா இருக்குமா? பிளேடால் ஸ்லீவை நீளவாக்கில் கீறினேன். ஹெட்லைட் பக்கம் ஒரு சாண் நீளத்துக்குப் பளபளவென்று புது ஒயர். அதற்கப்புறம் ஒரு டேப் உருண்டை. டேப்பைப் பிரித்தால் முறுக்கிவிட்ட இணைப்பு, உருக்கி ஒட்டிய சோல்டரும் இல்லை, நெரித்துப் பிடிக்கும் கிரிம்ப்பும் இல்லை. அதற்குப் பின்னால் என் பழைய துணி ஒயர். நூல் சாம்பல் மாதிரி விரலில் ஒட்டியது, உள்ளே செம்பு கறுத்துப்போயிருந்தது. அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்பார்களே, அதேதான். டேஷ்போர்டுக்குப் பின்னால், பின் லைட்டுக்குப் போகும் வழியில், எங்கே கீறினாலும் இதுதான். கண்ணில் படும் இரண்டு நுனியும் புதுசு, நடுவில் எல்லாம் பழசு. குப்பையில் போட்டதாகச் சொன்ன ஒயரிங் என் வண்டிக்குள்ளேயே இருந்தது.

அந்த ஒரு சாண் புது ஒயராவது ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை. ஒரு இழையைப் பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளி நிறம். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய ஒயர் அது. ஒரே தடிமனில் செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தடை, அதிர்வில் சீக்கிரம் முறியும். வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு ஒயரும் உண்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் மேலே வெள்ளி நிறம், சுரண்டினால் உள்ளே செம்பு. நேர் எதிர்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஆல்டர்னேட்டர்தான். பழைய டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர் கொடுப்பது. அதற்கேற்ற தடிமனில்தான் அந்தப் பழுப்பு நிற மெயின் ஒயர் போட்டிருந்தார்கள். புது ஆல்டர்னேட்டர் 45 ஆம்பியர். ஒயர் அதே பழுப்பு ஒயர், ஃபியூஸும் இல்லை. பேட்டரி இறங்கியிருக்கும் ஒரு காலையில் செல்ஃப் அடித்துக் கிளப்பியிருந்தால் மொத்தக் கரண்டும் அதன் வழியாகத்தான் பாய்ந்திருக்கும். அப்படி ஒரு காலை எனக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

ஃபியூஸிலும் ஒரு சின்ன விஷயம். பழைய பிரிட்டிஷ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று போட்டிருந்தால் 35 ஆம்பியரில் எரிந்துபோகும் என்று அர்த்தம். தொடர்ந்து தாங்குவது அதில் பாதி, 17 ஆம்பியர்தான். வேறு வகைக் கண்ணாடி ஃபியூஸில் அதே 35 என்பது தொடர்ந்து தாங்கும் அளவு. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். எனக்குப் போட்டிருந்தது இரண்டாவது வகை. ஃபியூஸ் போவதற்கு முன்பே ஒயர் போயிருக்கும். இது தெரியாமல் செய்த தவறாக இருக்கலாம், பலருக்கும் தெரியாது.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். பேட்டரியின் பிளஸ் முனை பாடியோடு இணைந்த பாசிட்டிவ் எர்த் வண்டியை ஆல்டர்னேட்டருக்காக நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியதை அவர் சரியாகவே செய்திருந்தார். இக்னிஷன் காயிலின் இணைப்பை மாற்றிப் போட்டது, கரண்டைக் காட்டும் அம்மீட்டரைத் திருப்பியது, எதையும் மறக்கவில்லை. வேலை தெரிந்தவர்தான். அதனால்தான் அந்த விரல் நீளத் துண்டு ஒயரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இனி யாரிடமாவது விட்டால் நான் செய்வது இது. பழைய ஹார்னஸை (மொத்த ஒயர்க் கட்டை) முழுசாக என் கையில் தர வேண்டும், தந்த பிறகுதான் மீதிப் பணம். டேப், ஸ்லீவ் சுற்றுவதற்கு முன் நான் நேரில் வந்து பார்ப்பேன். போட்டோ அனுப்புகிறேன் என்றால் ஏற்க மாட்டேன், எனக்கு வந்த போட்டோ எல்லாமே சுற்றி முடித்த பிறகு எடுத்தவை. ஒயர் சுருளின் மேல் அச்சிட்ட அளவையும் பார்ப்பேன். வண்டியை எடுக்கும் அன்று லைட்டைப் போட்டு மீட்டர் வைத்துப் பார்க்காமல் நகர மாட்டேன். ஒருவர் முகம் சுளித்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியில் அந்த மாடலுக்கென்றே அளவெடுத்துச் செய்த ஹார்னஸை வரவழைத்து நானே மாற்றினேன். பழைய நிறங்களே என்பதால் வரைபடம் பார்த்துச் செய்வது கஷ்டமாக இல்லை: பழுப்பு பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை சாவி போட்டால் வருவது, பச்சை அதுவே ஃபியூஸ் தாண்டியது, நீலம் ஹெட்லைட், கறுப்பு எர்த். ஆல்டர்னேட்டருக்குத் தடித்த ஒயர் தனியாக, ஃபியூஸோடு. எர்த் போல்ட் உட்காரும் இடங்களில் பெயிண்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டேன். ஒயர் தகரத்தைத் துளைத்துப் போகும் ஓட்டைகளுக்கெல்லாம் ரப்பர் வளையம். நான்கு ஞாயிற்றுக்கிழமை ஆனது. இப்போது பேட்டரியில் 12.4, பல்பில் 12.1.

கழற்றிய ஒயரையும் அந்த இரண்டு ரிலேயையும் ஒரு பையில் போட்டு அவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். பணம் திரும்பி வரவில்லை. பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை அவர். "நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டி சார், எதுக்குப் பிரிச்சீங்க?" என்று மட்டும் கேட்டார்.