ஐந்து வயதிலேயே வகுப்பா, ஆர்வம் தெரியும்வரை பொறுப்பதா?

பாட்டா, சதுரங்கமா என்று கேட்கும் பெற்றோர் உண்மையில் தவிப்பது வேறொன்றில்: நாமே தேர்ந்தெடுத்துப் பழக்குவதா, பிள்ளையே காட்டட்டும் என்று விடுவதா?

செலவு
பழக்கினால்: மாதக் கட்டணம், கருவி, தினமும் அழைத்துப்போக ஓர் ஆள்.
பொறுத்தால்: பணம் மிச்சம், கூர்ந்து கவனிக்க நேரம் வேண்டும்.

எளிமை
பழக்கினால்: காதும் கையும் சீக்கிரம் படியும்.
பொறுத்தால்: தொடக்கம் தாமதம், அடம் குறைவு.

நிலைப்பு
இதில்தான் சிக்கல். ஹங்கேரியில் லாஸ்லோ போல்கார் தம் மூன்று மகள்களுக்கும் வீட்டிலேயே சதுரங்கம் பழக்கினார். கடைசி மகள் யூதித் 1991-இல், 15 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். மூத்தவர் சூசனும் அந்தப் பட்டம் பெற்றார். நடுமகள் சோஃபியா பெறவில்லை. ஒரே வீடு, ஒரே அப்பா. வளர்ப்பு மூவரையும் உயர்த்தியது, ஆனால் ஒரே உயரத்துக்கு அல்ல.

ராமானுஜனோ கும்பகோணத்துத் துணிக்கடைக் கணக்கர் மகன். பதின்வயதில் கைக்கு வந்த ஒரு கணித நூல் அவரைப் பற்றிக்கொண்டது. அந்த நூல் கைக்கு வரவும் வேண்டியிருந்ததே!

என் மகன் ஆறு மாதம் கீபோர்டு கற்றான். விரல் கட்டைகளில் இருக்கும். கண்ணெல்லாம் மேசை விசிறியின் திருகாணியில்.

என் முடிவு இது: இசை, நடனம் போல உடல் பழக வேண்டியவற்றைச் சீக்கிரம் தொடங்குங்கள். வாசிப்பு, ஓவியம், கருவி பிரிப்பது என்றால் பொருளை எட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் பொறுங்கள். ஆறு மாதம் கழித்தும் அழுதுகொண்டே வகுப்புக்குப் போனால் நிறுத்திவிடுங்கள்.