ஸ்ட்ராட்டோகாஸ்டரா, லெஸ் போலா?

மின்சாரமில்லாத ஆண்டுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்டு வன்னியில் வளர்ந்த எனக்கு, இன்று கிளிநொச்சி வீட்டில் ஹெட்போன் அணிந்து பழைய றொக் பாடல்களின் மின்கிற்றார் ஒலியை நுணுகிக் கேட்பது பெருஞ்சுகம். அவ்வொலியின் இரு பெரும் ஊற்றுகளான கிற்றார்கள், 1952இல் வெளிவந்த கிப்சன் லெஸ் போலும் 1954இல் வெளிவந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டருமாகும்.

தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் பாகமே பிக்கப். ஸ்ட்ராட்டோகாஸ்டரின் மூன்று ஒற்றைச் சுருள் பிக்கப்களால் ஒவ்வொரு தந்தியும் மணிபோலத் தனித்து ஒலிக்கும்; ஆயினும் அவை அருகிலுள்ள மின்கருவிகளின் இரைச்சலையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளும். லெஸ் போலில் 1957 முதல் பொருத்தப்பட்ட ஹம்பக்கர் என்னும் பிக்கப், எதிர்த் துருவங்களில் அமைந்த இரு சுருள்களால் அவ்விரைச்சலை நீக்குவதோடு, ஒலியைத் தடிப்பாக்கி அம்பிளிஃபயரை விரைவில் உறுமவும் வைக்கிறது.

லெட் செப்பலின் குழுவின் ஜிம்மி பேஜ் 1969இல் ‘ஹோல் லொட்டா லவ்’ பாடலில் வாசித்த லெஸ் போல் நெஞ்சுக்கூட்டை அதிரவைக்கும். ஆனால் 1979இல் வந்த ‘கம்ஃபர்டப்லி நம்’ பாடலின் இறுதியில், பிங்க் ஃபுளொய்ட் குழுவின் டேவிட் கில்மோர் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் தந்தியை இழுத்துச் சுரத்தை அழவிடும் இடம், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் நாதஸ்வரக் கமகம் கேட்டுப் பழகிய செவிக்கு அந்நியமாகவே தோன்றாது. அதனால் நான் மீண்டும் மீண்டும் தேடிச் செல்வது ஸ்ட்ராட்டோகாஸ்டரையே.