கல்சியத் தண்ணி: காய்ச்சிக் குடிக்கிறதா, ஆர்ஓ தண்ணி எடுக்கிறதா?

வவுனியா, செட்டிகுளம், மாங்குளம் எண்டு எங்க போனாலும் "எங்கட கிணத்தில கல்சியம் கூட"தான் பேச்சு. நாங்க கல்சியம் எண்டு சொல்லுறது கேத்தலுக்குள்ள தகடு தகடா ஒட்டியிருக்கிற வெள்ளைப் படிவை, அது கல்சியம் காபனேற்று. தனிக் கல்சியம் ஒரு உலோகம், தண்ணியில கரைஞ்சிருக்கிறது அதின்ர உப்பும் மக்னீசியத்தின்ர உப்பும், ரெண்டும் சேர்ந்துதான் கடினத்தன்மை.

படிவு:
காய்ச்சினா – ஒரு பகுதி அடியில படியும், ஆறவிட்டு வடிக்கலாம். சல்பேற்று உப்பா இருக்கிறது போகாது.
ஆர்ஓ (அழுத்தம் குடுத்து மிக நுண்ணிய சவ்வால வடிக்கிற முறை) – பெரும்பகுதி போயிடும்.

கிருமி:
காய்ச்சினா – நல்லாக் கொதிச்சாச் செத்திடும்.
ஆர்ஓ – வடிக்கும், ஆனா ஊத்தைக் கலனில பிடிச்சா திரும்ப வந்திடும்.

புளோரைட்:
தண்ணியில கரைஞ்சிருக்கிற இன்னொரு உப்பு, இதுதான் முக்கியம். இது படியாது, கண்ணுக்கும் தெரியாது, காய்ச்சி வத்த வத்த செறிவு கூடத்தான் செய்யும். உலக சுகாதார நிறுவனம் சொல்லுற எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், அதுக்கு மேல போனா வளருற பிள்ளையளின்ர பல்லில கறை விழும். ஆர்ஓ இதைக் குறைக்கும்.

செலவு:
காய்ச்சினா – விறகு, இல்லாட்டி காஸ்.
ஆர்ஓ – வாங்கினா தினமும் காசு, வீட்டில பூட்டினா வடிகட்டி மாத்தோணும், கழிவுத் தண்ணியும் கனக்கப் போகும்.

தண்ணியைப் பரிசோதிச்சு புளோரைட் குறைவெண்டா காய்ச்சிறதே போதும், வெள்ளைப் படிவைக் கண்டு பயப்பிட வேண்டாம். புளோரைட் கூடவெண்டா, அதுவும் சின்னப் பிள்ளையள் இருக்கிற வீடெண்டா, குடிக்கவும் சமைக்கவும் ஆர்ஓ எடுங்கோ, குளிக்கத் தோய்க்க கிணத்துத் தண்ணியே காணும்.