நூறு டாலர் ஸ்கேனரும் எழுநூறு டாலர் ஸ்கேனரும்

மூன்று வாரங்களுக்கு முன் சிகாகோ புறநகரில் உள்ள எங்கள் வீட்டுக்கு யூனிடன் நிறுவனத்தின் எஸ்.டி.எஸ்.100 வந்து சேர்ந்தது. தாள்களைப் படமெடுக்கும் ஸ்கேனர் அல்ல; விமானிகள், தீயணைப்பு வீரர்கள் போன்றோரின் ரேடியோ பேச்சைக் கேட்கும் ஸ்கேனர். விலை ஏறத்தாழ 700 டாலர். அதே நிறுவனத்தின் பி.சி.125ஏ.டி. ஐந்து ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. அதன் விலை நூறு டாலரைச் சற்றே தாண்டும். "ஒன்று இருக்கும்போது இன்னொன்று எதற்கு?" என்று வீட்டில் கேட்டார்கள். அன்று சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் நீட்டியிருக்கிறேன்.

சிறியதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அனலாக் மட்டும், 500 சேனல்கள், இரண்டு ஏ.ஏ. பேட்டரிகள். விமானிகளும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் பேசுவது, சரக்கு ரயில்காரர்கள் 160 மெகாஹெர்ட்ஸை ஒட்டிப் பேசுவது, வானிலை அறிவிப்பு எல்லாம் கணீரென்று கேட்கும். உங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான் என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், அதையே வாங்குங்கள்.

எனக்குத் தீயணைப்பு வண்டிகளின் பேச்சும் வேண்டியிருந்தது. இல்லினாயில் பல துறைகள் ஸ்டார்காம்21 என்ற மாநிலம் தழுவிய டிஜிட்டல் ரேடியோ வலையமைப்பில் இருக்கின்றன. அது பி25 என்ற டிஜிட்டல் முறையில் இயங்குகிறது. அனலாக் ஸ்கேனரில் அந்தப் பேச்சு வெறும் இரைச்சல். அதற்காக முன்பு ஒரு பழைய டிஜிட்டல் ஸ்கேனரை வாங்கினேன்; பெயர் வேண்டாம். சிக்னல் கோடுகள் முழுதாக நிற்கும், ஆனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல உடையும். குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால் வைத்தால் மட்டும் தெளியும். பைத்தியக்காரத்தனமாகத் தோன்றினாலும் அதற்குக் காரணம் உண்டு.

ஊர்த் திருவிழாவில் தெரு நெடுகக் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள். நடுவில் நின்றால் ஒரே பாட்டு நாலு பக்கமிருந்தும் முன்னும் பின்னுமாக வந்து சொற்களைக் குழப்பும். பெருநகரப் பகுதிகளில் இந்த வலையமைப்பும் அப்படித்தான்: பல கோபுரங்கள் ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில், ஒரே செய்தியை அனுப்புகின்றன. பெயர் சைமல்காஸ்ட். பி25-இன் முதல் வடிவத்தில் (ஃபேஸ் 1) பேச்சு நொடிக்கு 4800 குறியீடுகளாக, அதாவது சின்னச் சின்னத் தகவல் துண்டுகளாக, போகிறது; ஒவ்வொன்றுக்கும் சுமார் 208 மைக்ரோநொடி. ஒரு கோபுரம் மற்றதைவிட 30 கிலோமீட்டர் அதிகத் தொலைவில் இருந்தால் அதன் அலை 100 மைக்ரோநொடி பிந்தி வரும். ஏறக்குறைய அரைக் குறியீடு அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கிறது. குளிர்பதனப் பெட்டி செய்ததெல்லாம் ஒரு கோபுரத்தை மறைத்ததுதான்.

சாதாரண ஸ்கேனரின் சுற்று அலையின் அதிர்வெண் மாற்றத்தை மட்டுமே பார்க்கிறது. சைமல்காஸ்ட் கோபுரங்கள் பெரும்பாலும் அலையின் கட்டத்திலும் (ஃபேஸ், அலை தன் சுழற்சியில் எங்கே நிற்கிறது என்பது) வீச்சிலும் (அலையின் உயரம்) சேர்த்தே தகவலை வைப்பதால் பாதி விஷயம் வாசலிலேயே நின்றுவிடுகிறது. 2018-இல் வந்த எஸ்.டி.எஸ்.100 அலையை ஐ-க்யூ என்ற முறையில் கட்டம், வீச்சு இரண்டையும் இழக்காமல் எடுத்து, மென்பொருளால் பிரிக்கிறது. வந்த அன்றே, பழையது திணறிய அதே சமையலறை மேசையில் வைத்தேன். ஒரு தீயணைப்பு அதிகாரி முகவரி சொன்னார். வீட்டு எண் உட்பட முழுவதும் புரிந்தது. என் 700 டாலர் போனது அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான்.

வண்ணத் திரை நன்றாக இருக்கிறது. அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால் ரேடியோ ரெஃபரன்ஸ் என்ற இணையத் தரவுத்தளத்திலிருந்து உங்கள் பகுதிச் சேனல்களைத் தானே எடுத்துக்கொள்கிறது. பொத்தானைக் குத்திக்குத்தி எண்களை ஏற்றும் வேலை மிச்சம். மறுபக்கம், டி.எம்.ஆர். போன்ற வேறு டிஜிட்டல் ரேடியோ முறைகளுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். பேட்டரி இதற்கென்றே செய்த லித்தியம். தீர்ந்தால் பெட்டிக்கடையில் ஏ.ஏ. வாங்கிப் போட முடியாது. மூன்று வாரப் பழக்கத்தில் அது எத்தனை ஆண்டு உழைக்கும் என்று சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். விமான அலைவரிசையைப் பொறுத்தவரை, என் காதுக்குச் சிறியதே ஒரு படி மேல். பெரியதில் வடிகட்டி அமைப்புகளை மாற்றிப் பார்த்தபின் இடைவெளி குறைந்தது, மறையவில்லை.

வாங்குமுன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். சங்கேதமாக்கிய பேச்சை எந்த விலை ஸ்கேனரும் திறக்காது. சிகாகோ காவல்துறை 2022-இல் அந்தப் பக்கம் நகரத் தொடங்கியது. பொதுமக்களுக்குக் கிடைப்பது 30 நிமிடம் தாமதமான ஒலி. ரேடியோ ரெஃபரன்ஸ் பட்டியலில் உங்கள் ஊர்ச் சேனலின் முறைக்குப் பக்கத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்து 'E' இருந்தால் அது முழுச் சங்கேதம். உங்கள் பட்டியல் முழுக்க அந்த எழுத்தாக இருந்தால் நூறு டாலர் ஸ்கேனரோடு விமானம் கேளுங்கள்.