எஸ்டி-225-ஆ, எஸ்டி-238ஆர்-ஆ? பழைய எக்ஸ்டிக்கு டிஸ்க் வாங்கிய கதை

என்னிடம் ஒரு ஐபிஎம் எக்ஸ்டி குளோன் இருக்கிறது; எண்பதுகளின் ஐபிஎம் கணினியைப் போலவே வேறு கம்பெனி செய்தது. 8088 பிராசசர், 640 கேபி மெமரி, பச்சைத் திரை எல்லாம் பழுதில்லாமல் இருந்தன. ஹார்ட் டிஸ்க் மட்டும் சுற்றவில்லை. மாற்று தேடியபோது கடைசியில் நின்றவை இரண்டு: சீகேட் கம்பெனியின் எஸ்டி-225, அதன் கூடப்பிறந்த எஸ்டி-238ஆர். இரண்டையும் வாங்கி ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றை விற்றுவிட்டேன். வைத்துக்கொண்டது கொள்ளளவில் சின்னதை, அதாவது 225-ஐ.

“எதற்கு இந்தத் தொல்லை, ஃபிளாஷ் கார்டு போடலாமே?” என்பவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். போடலாம். எக்ஸ்டி-ஐடிஇ என்ற இணைப்பு கார்டைக் கணினியின் ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் செருகி, பழைய கேமராவில் இருந்த காம்பாக்ட் ஃபிளாஷை மாட்டினால் வேலை முடிந்தது. சத்தம் கிடையாது, சூடு கிடையாது, செலவும் குறைவு. பழைய சாஃப்ட்வேர் ஓடினால் போதும் என்றால் அதை வாங்கிக்கொண்டு இத்தோடு கிளம்பலாம். எனக்கு, படித்து எழுதும் ஹெட்டை அடியடியாக நகர்த்தும் அந்த ஸ்டெப்பர் மோட்டார் ‘டிக் டிக் கிர்ர்’ என்று முனகுவதைக் கேட்கவேண்டும். அதற்கு மருந்தில்லை.

இரும்பாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். 615 சிலிண்டர் (ஹெட் நகர்ந்து நிற்கும் இடங்கள்), 4 ஹெட், நிமிடத்துக்கு 3600 சுற்று, சராசரித் தேடல் நேரம் 65 மில்லிசெகண்ட். எழுதும் முறைதான் வேறு. 225 எம்எஃப்எம் முறையில், தட்டில் ஓடும் ஒரு வட்டத்துக்கு (டிராக்குக்கு) 17 துண்டு (செக்டர்) எழுதும். மொத்தம் 2 கோடியே 14 லட்சம் பைட். 238ஆர், அதே இடத்தில் நெருக்கி எழுதும் ஆர்எல்எல் முறையில் 26 செக்டர் எழுதி 3 கோடியே 27 லட்சத்தைத் தொடும். டாஸ் 3.3 இயங்குதளம் டிஸ்க்கின் ஒரு பிரிவுக்கு (பார்ட்டிஷனுக்கு) 32 எம்பிக்கு மேல் விடாது. 238ஆர் முழுதும் அதற்குள் ஒரே ‘சி’ டிரைவாக உட்கார்ந்துவிடும். அது நிஜமாகவே அழகு.

விலை விஷயத்தில்தான் காலம் தலைகீழாகிவிட்டது. 1983-ல் ஐபிஎம் எக்ஸ்டி வந்தபோது 10 எம்பி டிஸ்க்கோடு 4,995 டாலர். ஐந்தே வருடத்தில், அமெரிக்கக் கணினிப் பத்திரிகை விளம்பரங்களில் 20 எம்பி டிஸ்க்கும் அதை இயக்கும் கன்ட்ரோலர் கார்டும் சேர்ந்து 300 டாலரை ஒட்டி வந்துவிட்டன. 30 எம்பிக்குக் கொஞ்சம்தான் கூடுதல். அன்றைக்கு நான் கடையில் நின்றிருந்தால் யோசிக்காமல் 238ஆர் வாங்கியிருப்பேன். இன்று அந்தப் பத்து எம்பிக்கு என்ன மதிப்பு? டாஸ், வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டர்போ பாஸ்கல் என்று ஆசைப்பட்டதையெல்லாம் ஏற்றியும் என் 225 பாதிகூட நிரம்பவில்லை. டர்போ பாஸ்கல் 3 கம்பைலர் மொத்தமே 40 கேபிக்குள் அடக்கம்!

ஆகவே பார்க்கவேண்டியது பராமரிப்பு. இதில்தான் எனக்குப் பாடம் கிடைத்தது.

இந்த டிரைவ்களில் ஹெட் சரியான டிராக்கில் நிற்கிறதா என்று சரிபார்க்க எந்த ஏற்பாடும் கிடையாது. மோட்டார் இத்தனை அடி எண்ணி நகரும். நின்ற இடம்தான் டிராக். ஒவ்வொரு செக்டருக்கும் முன்னால் அதன் எண்ணைச் சொல்லும் ஒரு குறிப்பு உண்டு. அது சர்வே கல் மாதிரி, வெறும் தட்டில் டிராக், செக்டர் எல்லைகளைப் போடும் லோ-லெவல் ஃபார்மட்டின்போது ஒருமுறை நட்டதோடு சரி. நாம் ஃபைலைச் சேமிக்கும்போதெல்லாம் உழுவது வயலை மட்டும்தான். வருடக்கணக்கில் இயந்திரம் தேயத் தேய, ஏர் கொஞ்சம் தள்ளி உழும். கல் பழைய இடத்திலேயே நிற்கும். ஒருநாள் கல் கண்ணில் படாது. திரையில் ‘செக்டர் நாட் ஃபவுண்ட்’ என்று வரும்.

நல்ல சேதி, கல்லை நாமே மறுபடி நடலாம். டிஸ்க்கை எந்த வாக்கில் பொருத்தப்போகிறோமோ அந்த வாக்கில் வைத்து, அரை மணி நேரம் சூடேறவிட்டு, டாஸோடு வரும் டீபக் நிரலில் சி800:5 முகவரியிலிருந்து ஓடவிட்டால் பல கன்ட்ரோலர்களில் லோ-லெவல் ஃபார்மட் மெனு வரும். மேலட்டையில் ஒட்டியிருக்கும் கெட்ட டிராக் பட்டியலைக் கையால் தட்டவேண்டும். பிறகு டாஸின் எஃப்டிஸ்க், ஃபார்மட் நிரல்கள். ஒரு சாயங்கால வேலை.

இந்த வைத்தியம் இரண்டுக்கும் பொது. ஆனால் எம்எஃப்எம்மில் ஒரு துடிப்பை அடையாளம் காணக் கன்ட்ரோலருக்கு 100 நானோசெகண்ட் அவகாசம். ஆர்எல்எல்லில் சுமார் 67. அதே தட்டு, அதே மோட்டார், அவகாசம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைவு. புதிதில் இது பொருட்டே இல்லை. முப்பத்தைந்து வயதில் பொருட்டுதான்.

என் 238ஆர் தபாலில் வந்தது, 170 டாலர். ஐந்து மாதம் சமத்தாக ஓடியது. குளிர்காலம் வந்ததும் காலையில் பூட் ஆகாது; அரை மணி நேரம் சுற்றவிட்டால் ஆகும். மறு ஃபார்மட் போட்டேன், இரண்டு மாதம் தாங்கியது. பிறகு பழையபடி. குறையைச் சொல்லியே உதிரிபாகத்துக்கு விற்றுவிட்டேன். நியூஜெர்சியில் வால் என்ற ஊரில் நடக்கும் விண்டேஜ் கம்ப்யூட்டர் ஃபெஸ்டிவல் விற்பனையில் 140 டாலருக்கு எடுத்த 225, ஒரே ஒரு ஃபார்மட்டோடு மூன்றாவது குளிர்காலத்தைத் தாண்டிவிட்டது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பழைய டிரைவ்களுக்குப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் ஓட்டியது இதில் ஒன்று, அதில் ஒன்று. என் 238ஆர் தபாலில் அடிபட்டிருக்கலாம். 225 என் மடியில் உட்கார்ந்து காரில் வந்த செல்லப்பிள்ளை.

வாங்குவதானால் கன்ட்ரோலரோடு சேர்த்து வாங்குங்கள். ஒரு கம்பெனி கன்ட்ரோலர் ஃபார்மட் செய்ததை இன்னொன்று பெரும்பாலும் படிக்காது. தனி டிரைவ் மலிவாகத் தெரிந்தாலும் கூட்டிப் பார்த்தால் மிச்சமில்லை. தபாலில் வருவதானால் ஹெட்டைப் பத்திரமான இடத்துக்கு நகர்த்தி நிறுத்திவிட்டு (பார்க் செய்துவிட்டு) அணைக்கச் சொல்லி எழுதுங்கள். 225 தானாகப் பார்க் செய்துகொள்ளாது. ‘எஸ்டி-225, 30 எம்பி’ என்று யாராவது விளம்பரம் போட்டிருந்தால், ஆர்எல்எல் கன்ட்ரோலரில் மாட்டிப் பிழிந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். விலையைக் கேட்காமலே நகர்ந்துவிடுங்கள்.